ஞாயிறு நாலு மணிக்கு ஆடு ஏலம்

ஓசூர் தாய்ச் சபையின் செயலாளர் சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் கோயிலுக்கு வந்த அன்று, ஆராதனையில் பன்னிரண்டு பேர் இருந்தோம். பன்னிரண்டாவது ஆள் என் கணவர். அவரும் உள்ளே இல்லை. வாசலில் நிறுத்தியிருந்த, அவர் ஓட்டுகிற கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவரையும் சேர்த்துப் பன்னிரண்டு என்று சொன்னது நான்தான்.

செயலாளர் வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைச் சட்டை. காலியாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆராதனை முடிந்ததும் டீயும் பன்னும் கொடுத்தோம். டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, கெட்ட செய்தியை நல்ல குரலில் சொன்னார்.

"இத்தனை பேருக்கு வாராவாரம் ஒரு ஆராதனை, அதுக்குன்னு ஒரு போதகர் தேவையான்னு கமிட்டியில கேக்கறாங்கம்மா. அறுப்பின் பண்டிகைக்கு வந்து பாக்கறேன். கூட்டம் சேர்ந்திருந்தா சரி. இல்லேன்னா மாசத்துக்கு ஒண்ணு போதும். பாஸ்டரம்மாவ ஓசூருக்கே கூப்பிட்டுக்கறோம். அங்க ஆபீஸ்ல எழுத ஆள் பத்தல."

பாஸ்டரம்மா என்றால் வேறு ஊரில் பாஸ்டரின் மனைவி. எங்கள் ஊரில் அவரேதான் பாஸ்டர். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், இதுதான் முதல் சபை. புதிதாக வருகிறவர்கள் அவரிடமே "பாஸ்டர் இல்லீங்களா?" என்று கேட்பார்கள். "இருக்காங்க, உக்காருங்க, வருவாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், அங்கியை மாட்டிக்கொண்டு அவரே திரும்பி வருவார். கேட்டவர் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அன்று 'ஆபீஸ்' என்ற சொல்லைக் கேட்டதும் அந்தக் குறும்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதைப் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. குருபரப்பள்ளியைத் தாண்டி, ஹைவேயை ஒட்டி, ஒரு பஞ்சர் கடைக்கும் கிரானைட் பட்டறைக்கும் நடுவில் இருக்கிற தகரக் கூரைக் கோயில் எங்களுடையது. எங்களில் பாதிப் பேர் வேலைக்காகத் தெற்கே இருந்து வந்தவர்கள். மீதிப் பேர் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள். வயல்காட்டு வேலை செய்தவர்கள், இப்போது கம்பெனி பேட்ஜ் மாட்டியிருக்கிறார்கள். வீட்டில் தெலுங்கு, ஜெபத்தில் தமிழ், பேரம் பேசுவதற்குக் கன்னடம். ஷிப்ட்டுக்குத் தோதாக ஆராதனையைச் சாயங்காலம் நாலு மணிக்கு வைத்ததே பாஸ்டரம்மாதான். காலை எட்டரை மணிக்கு ஓசூர் கோயிலுக்குப் போய் உட்கார எங்களில் யாரால் முடியும்? நைட் ஷிப்ட் முடிந்து அந்த நேரத்தில்தான் தலையையே தலையணையில் வைப்போம்.

"கூட்டம்தானே ஐயா வேணும்?" என்றேன். "கையில ஒரு போன் இருந்தா போதும். நான் கூட்டிக் காட்டறேன்."

கம்பெனியில் நான் குவாலிட்டி செக்கிங். பீஸைக் கையில் எடுத்துப் பார்த்து, சரியில்லை என்றால் தூக்கிச் சிவப்புத் தொட்டியில் போடுவது வேலை. என் வாயில் இருந்து வருவதைச் செக் பண்ணத்தான் ஆள் இல்லை. செயலாளர் சிரித்துவிட்டுக் காரில் ஏறிப் போனார். என் கணவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பஸ்ஸில் இருந்து இறங்கினார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஒன் ஸ்டேட்டஸ நானே பாக்கறதில்ல. ஊரு பாக்கப் போவுதா?" என்றார்.

அன்றைக்கே போனில் எங்கள் சபைக்கென்று ஒரு பக்கம் ஆரம்பித்தேன். சூரிய உதயம், மேலே ஒரு வசனம், கீழே 'அனைவரும் வருக'. முதல் நாள் பதினொரு பேர் லைக் போட்டார்கள். அதே பதினொரு பேர். எங்கள் பாட்டுக் குழுவுக்குத் தலைவி ஒரு கேன்டீன் அக்கா. பக்கத்து ஊர்க்காரர், ஒரு கம்பெனி கேன்டீனில் சாம்பார் அண்டாவுக்கு அதிகாரி. குரல் அப்படி: மைக்கை நாங்கள் அவரிடம் கொடுப்பதே இல்லை. அவர் எனக்குப் போன் செய்தார்.

"கண்ணு, நான் அமுத்துனேன். எங்கூட்டுக்காரு போன்லயும் நானே அமுத்துனேன். எம் மருமவ குளிக்கப் போயிருந்தா, அவ போன்லயும் அமுத்திட்டேன். போதுமா?"

ஆக உண்மையில் ஒன்பது பேர்.

அடுத்தது பிரசங்கத்தை லைவாகப் போட்டேன். ஸ்டாண்டு இல்லாததால் போனைப் பூச்சாடியில் சாய்த்து வைத்தேன். பாஸ்டரம்மா கையை உயர்த்தி "பயப்படாதே" என்றார். போன் மல்லாக்க விழுந்தது. நான் முதல் வரிசையில் கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. அரை மணி நேரம் எங்கள் கோயிலின் மின்விசிறி தனியாக ஓடி உலகத்துக்குக் காட்சி கொடுத்தது. அதற்கு முன் எதற்கும் வராத கூட்டம் அந்த மின்விசிறிக்கு வந்தது. 'ஃபேன் சத்தமே இல்ல, எந்த கம்பெனி?' என்று ஒருவர் கேட்டிருந்தார். 'பாத்துக்கிட்டே தூங்கிட்டேன், நன்றி' என்று இன்னொருவர்.

அதைப் பார்த்து பாஸ்டரம்மா சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்றுவிட்டது. "எக்கா, என் பிரசங்கத்துல தூங்குனவங்க நன்றி சொன்னது இதான் முதல் தடவ" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் அறுப்பின் பண்டிகைக்கு இரண்டு ஞாயிறுதான் இருந்தது. அவர் சிரித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்தபோது, "ஓசூர் ஆபீஸ்ல ஏசியாம்க்கா" என்று சும்மா சொல்வதுபோலச் சொன்னார்.

ரீல் போடுவது எப்படி என்று சொல்லிக் கொடுக்கிறவர்களின் வீடியோக்களை உட்கார்ந்து பார்த்தேன். எல்லாரும் ஒரே பாட்டாகப் பாடினார்கள்: முதல் மூன்று வினாடிக்குள் ஆளைப் பிடித்து நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தள்ளிவிட்டுப் போய்விடுவான். யோசித்துப் பார்த்தேன். எங்களிடம் ஆளைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி என்ன இருக்கிறது? அறுப்பின் பண்டிகை இருக்கிறது. அன்று அவரவர் விளைச்சலில் முதலானதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்போம். பூசணி, ராகி, தக்காளி, முட்டை, சேவல் என்று பீடத்துக்கு முன்னால் குவியும். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் வாசலில் வைத்து ஏலம் விடுவோம். கொடுத்தவரே வீம்புக்குத் தன் பூசணியைத் தானே ஏலம் எடுப்பார். கத்தல், சிரிப்பு, கிண்டல் என்று அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடே இல்லை.

அந்த வருடம் கேன்டீன் அக்கா ஒரு ஆடு நேர்ந்திருந்தார். வெள்ளை உடம்பு, காப்பி நிறத்துக் காது, யாரையும் மதிக்காத பார்வை. பண்டிகைக்கு முந்தைய ஞாயிறு அதைக் கோயில் வாசலுக்கு ஓட்டிவந்தார். மாலை போட்டோம். ஆடு மாலையைத் தின்றது. இன்னொரு மாலை போட்டோம். அதைப் பாதி தின்றுவிட்டு, வாயில் ஒரு சாமந்தி தொங்க, நேராக என் போனைப் பார்த்தது. இதுதான் என் மூன்று வினாடி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வீடியோவின் தொடக்கத்தில் பாஸ்டரம்மா நின்று, "கர்த்தருடைய பெரிதான கிருபையால் நம் சபையின் அறுப்பின் பண்டிகை" என்று அழகாகப் பேசியிருந்தார். நல்ல பேச்சுத்தான், ஆனால் மூன்று வினாடியில் ஆள் ஓடிவிடுவான். வெட்டினேன். நேரே ஆட்டில் ஆரம்பித்தேன். பின்னால் என் குரல்: "ஆடு, கோழி, பூசணி, முட்டைக்கோஸ்! வர்ற ஞாயிறு நாலு மணிக்கு ஏலம்! குருபரப்பள்ளி தாண்டி ஹைவே பக்கத்துல! குடும்பத்தோட வாங்க!" கோயில் என்ற சொல் அதில் ஓர் இடத்திலும் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குத்தான் தெரியுமே, அது கோயில் என்று.

கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். மறுநாள் ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோது போன் சூடாக இருந்தது. எங்கள் சபையின் பக்கத்தை மேலே தள்ளத் தள்ளத் தீரவில்லை, அவ்வளவு பேர். ஆட்டின் முகத்தை ஊரே பார்த்திருந்தது. குந்தாரப்பள்ளி ஆட்டுச் சந்தைக்காரர்களின் குரூப்பில் யாரோ போட்டு, அங்கிருந்து மாநில எல்லைக்கு அந்தப் பக்கமும் போயிருந்தது. தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் கேள்விகள். 'எத்தனை பல்லு?' 'உயிர் எடை என்ன வரும்?' எங்கள் ஆட்டின் மேல் ஜனங்களுக்கு இத்தனை பாசமா என்று பூரித்துப்போனேன்.

ஒவ்வொருவருக்கும் பதில் போட்டேன். 'நேரில் வந்து பாருங்க, சந்தோஷப்படுவீங்க.' ஒருவர் 'மாடு கொண்டு வரலாமா?' என்று கேட்டிருந்தார். காணிக்கையாக மாடா! எனக்குக் கண் கலங்கிவிட்டது. 'எதுவானாலும் கொண்டு வாங்க, எவ்வளவானாலும் கொண்டு வாங்க, மனமகிழ்ச்சியோடு வரவேற்கிறோம்' என்று எழுதி, இரண்டு கை கூப்பிய படமும் போட்டேன். தளியில் இருந்து ஒருவர் 'கோஸ் ஒரு லோடு இருக்கு' என்றார். 'கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக' என்றேன்.

பாஸ்டரம்மாவிடம், "ஒரு லோடு கோஸ் வருது, மாடு வருது, நீங்க நிம்மதியா இருங்க" என்று சொன்னேன். அவர் சந்தேகமாகப் பார்த்தார். "யாருக்கா அவங்க?" என்றார். "விசுவாசிங்க" என்றேன்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கே ஹைவேயில் ஹாரன் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். குட்டி யானை வண்டிகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஆடு. கட்டி வைத்த ஆடு, நிற்கிற ஆடு, குதித்து இறங்குகிற ஆடு. பின்னால் கறவை மாட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர். கோஸ் மூட்டைகளோடு தளிக்காரர், கூடவே ஒரு கூடை ரோஜா. கயிறும் சலங்கையும் விற்கிறவர் எங்கள் மதில் மேல் சரக்கை வரிசையாகத் தொங்கவிட ஆரம்பித்துவிட்டார். சைக்கிளில் டீ கேனோடு வந்தவர் பஞ்சர் கடைக்காரரோடு இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். துண்டை உதறித் தோளில் போட்டபடி ஒருவர் என்னிடம் வந்தார்.

"ஏம்மா, சந்தைச் சுங்கம் யாருகிட்ட கட்டணும்?"

அந்த நொடியில்தான் என் மண்டையில் பல்பு எரிந்தது. அதே நேரம் அடக்க முடியாமல் சிரிப்பும் வந்தது. பாஸ்டரம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "எக்கா, என்னத்தக்கா செஞ்சு வச்சிருக்கிய?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் ஒரு தரகர் அவரைப் பார்த்து, "நீங்கதான் ஏலம் உடறவங்களா? எம் மாட்ட மொதல்ல கூப்பிடுங்கம்மா, பால் பீச்சற நேரத்துக்கு நான் ஊடு போயாவணும்" என்றார்.

கேன்டீன் அக்கா மட்டும் கலங்கவில்லை. "வந்துட்டாங்கோ, இனிமே என்னா பண்றது. ஆட்டயெல்லாம் அந்தப் பக்கம் கட்டச் சொல்லு, பூச்செடிய மேயுது" என்றார்.

அப்போதுதான் செயலாளரின் கார் வந்தது. வாசல் வரை வர முடியவில்லை. நாலாபுறமும் ஆடு. ஒரு கிடா முன்னங்காலைத் தூக்கி பானட்டின் மேல் வைத்து, கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தது. அவர் கதவை இழுத்துத் திறந்து, வெள்ளைச் சட்டையோடு கூட்டத்துக்குள் நீந்தி வந்தார். முகம் பூராவும் வெளிச்சம்.

"அம்மா! இவ்வளவு ஜனமா! எங்க பண்டிகைக்கே இத்தனை பேர் வந்ததில்லையே!" போனை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்தார். அங்கேயே நின்று தாய்ச் சபைக் குரூப்பில் போட்டார். நான் என் வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைத் திறக்கவில்லை. கடவுளே, இவர் இப்படியே சந்தோஷமாகத் திரும்பிப் போகட்டும், ஆட்டை எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

அதற்குள் இன்னொரு கூத்து நடந்தது. மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து, விரலை அழுத்திச் சொல்வார்கள். வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் பெரிய வியாபாரி என்று நினைத்த ஒரு தரகர், செயலாளரின் கையைப் பிடித்துத் துண்டைப் போட்டு மூடி, விரல்களை அழுத்தினார். ஊர்க்காரர்கள் பாசத்தோடு கை குலுக்குகிறார்கள் என்று எண்ணி, இவர் தலையைத் தலையை ஆட்டி, "ரொம்ப சந்தோஷம், ரொம்ப சந்தோஷம்" என்றார்.

"முடிஞ்சுது!" என்று தரகர் கத்தினார். ஒரு கிடாவின் கயிறு செயலாளரின் கைக்கு வந்தது. பானட்டில் கால் வைத்த அதே கிடா.

அவர் கயிற்றைப் பிடித்தபடி பாஸ்டரம்மாவைப் பார்த்தார். பாஸ்டரம்மா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். கண்ணாலேயே எவ்வளவோ ஜாடை செய்தேன், சொல்லிவிடாதீர்கள் என்று. ஆனால் அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஐயா, இவங்கெல்லாம் சந்தைன்னு நெனச்சு வந்தவங்க. வீடியோவுல தப்பு நடந்துட்டு. எங்க சபை ஆளுங்க உள்ள உக்காந்திருக்கவங்க மட்டும்தான்."

எனக்கு வந்த கோபத்தில் அவரைப் பிடித்துக் கிள்ளியிருப்பேன். உண்மை பேச வேறு நாளே கிடைக்கவில்லையா? அவர் அதோடு நிறுத்தவில்லை. படியில் ஏறி நின்று வந்தவர்களுக்கும் சொன்னார்: இது கோயில், இது அறுப்பின் பண்டிகை, உங்களை அலைய வைத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். சொன்னதைக் கேன்டீன் அக்கா தெலுங்கிலும் கன்னடத்திலும் மைக் இல்லாமல் கிரானைட் பட்டறை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சுங்கம் கேட்டவர், "வண்டி வாடக குடுத்து வந்துட்டோம். நீங்க சாமி கும்புட்டுட்டு வாங்க, ஏலத்துக்கு நாங்க இருக்கறோம்" என்றார்.

சொன்ன மாதிரியே இருந்தார்கள். நாங்கள் உள்ளே பாடப் பாட வெளியே ஆடுகள் கத்தின. கேன்டீன் அக்கா விடவில்லை, இன்னும் உச்சத்துக்குப் போனார். ஏலத்தில் எங்கள் பூசணிக்கெல்லாம் அப்படி ஒரு மரியாதை அதுவரை கிடைத்ததில்லை. செயலாளர் தரகருக்கு விலையைக் கட்டிவிட்டு, தன் கிடாவைச் சபைக்கே காணிக்கையாகக் கொடுத்துவிட்டார். அதை ஏலத்தில் எடுத்தது யார்? அதை விற்ற அதே தரகர்தான். 'இதோட மூஞ்சிய பாக்காம ஒரு மணி நேரம் இருக்க முடியல' என்று சொல்லி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

எல்லாம் ஓய்ந்த பிறகு செயலாளர் சட்டையில் இருந்த ஆட்டு முடியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "அம்மா, இவ்வளவு சிரிச்சு எனக்கு வருஷக் கணக்காச்சு. ஆனா இந்தக் கூட்டம் ஆட்டுக்கு வந்தது. இத கமிட்டியில சொல்ல முடியாது. அடுத்த ஞாயிறு வர்றேன். புது வீடியோ ஒண்ணும் வேண்டாம். எத்தனை பேர் இருக்காங்கன்னு பாத்து அன்னிக்கே முடிவு சொல்லிடறேன்."

அந்த வாரம் முழுக்க லைனில் என் கையில் கிடைத்த பீஸ் பாதி சிவப்புத் தொட்டிக்குப் போயிற்று. போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஒருவருக்கு ஓவர்டைம். ஒருவர் ஊருக்குப் போகிறார். ஒருவருக்குச் செகண்ட் ஷிப்ட், மாற்றிக்கொள்ள ஆள் இல்லை. பாஸ்டரம்மா வியாழக்கிழமை கோயிலைக் கழுவினார். நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். "உண்மையச் சொல்லாம இருந்திருக்கலாம்ல?" என்று கேட்டேவிட்டேன்.

"சொல்லாம இருந்து, அடுத்த மாசம் அவுக வந்து எண்ணிப் பாத்தா?" என்றார். நாற்காலியைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு இங்கதான்க்கா இருக்கணும்" என்று சொல்லி அழுதுவிட்டார். சொன்னது ஒரே ஒரு தடவைதான். அதற்கு மேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்த லட்சணத்தில் என் கணவர் வேறு அந்த வாரம் முழுக்கத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு திரிந்தார். எதற்கு என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பார். சோற்றைப் போட்டுத் தட்டை டங்கென்று வைத்தேன். அதற்கும் சிரித்தார்.

ஞாயிறு நாலு மணி. செயலாளர் சரியாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். உள்ளே ஒன்பது பேர். என் கணவர்கூட வாசலில் இல்லை, திடீர் ட்ரிப் என்று காலையிலேயே போய்விட்டார். எண்ணிக்கைக்கு அந்தக் குறட்டையாவது உதவியிருக்கும். பாஸ்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், அங்கியைச் சரி செய்துகொண்டார். பிறகு பாட்டு எண்ணைச் சொன்னார். கேன்டீன் அக்காவின் குரலே அன்று இறங்கித்தான் வந்தது.

இரண்டாவது சரணத்தில் ஹைவேயில் இருந்து நீளமாக ஹாரன் கேட்டது. அந்த ஹாரன் எனக்குத் தெரியும். வந்துவிட்டார் மனுஷன், தூங்குவதற்கு! வெளியே போய் நாலு வார்த்தை கேட்பது என்று எழுந்தேன்.

பஸ் கதவு திறந்தது. ஒரு பெண் இறங்கினாள். சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலை, படிய வாரிய தலை, கையில் பைபிள். பின்னால் இன்னொரு பெண். அவளுக்குப் பின்னால் சுடிதாரில் இரண்டு பேர், இன்னும் மூன்று பேர். இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஜார்க்கண்டில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் வந்து, போன் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்து, கிரானைட் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பிள்ளைகள். என் கணவர்தான் அவர்களுக்குத் தினமும் பஸ் ஓட்டுகிறார். எங்கள் கோயிலைத் தாண்டித்தான் தினமும் போய் வருகிறார்கள். மதிலுக்குள் இருக்கிற சின்னச் சிலுவை ரோட்டில் இருந்து தெரியாது, பலகையில் இருப்பதோ தமிழ்.

"பஸ்ஸுல எப்பவும் பாடிக்கினே வருங்க," என்றார் என் கணவர், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே. "இந்திப் படப் பாட்டுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். போன திங்கக்கெழம ஒரு பொண்ணு போன நீட்டிச்சு. பாத்தா ஒன் ஆடு! ஆட்டுக்குப் பின்னாடி செவுத்துல சிலுவ. அத்த தொட்டுக் காட்டி, 'அண்ணா, சர்ச் எங்க?'ன்னுச்சு. எம் பொண்டாட்டி போட்டதுதாம்மான்னேன். பஸ்ஸே அலறிடுச்சு. வார்டன் உடுவாங்களோ மாட்டாங்களோன்னுதான் ஒங்கிட்ட சொல்லல."

நான் எத்தனை வசனம் போட்டேன், எத்தனை 'அனைவரும் வருக' எழுதினேன். எல்லாம் தமிழில். அந்தப் பிள்ளைகளுக்கு அதில் ஓர் எழுத்து தெரியாது. ஆட்டைப் பார்க்க எழுத்து தேவைப்படவில்லை. முதலில் இறங்கிய பெண் என் கையைப் பிடித்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழெல்லாம் லைன் சூப்பர்வைசர் பேசுகிற தமிழ்.

"அக்கா, ரெண்டு வருஷம் சர்ச் இல்ல. இன்னிக்கு சர்ச். சீக்கிரம், சீக்கிரம்!"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே வெட்கமாகவும் இருந்தது. கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கிறார்கள், நாங்களோ காலி நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். உள்ளே பாட்டு நின்றுபோயிருந்தது. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒருவர் கையை ஒருவர் கோத்து, நின்ற இடத்திலேயே கால் எடுத்து வைத்துப் பாட ஆரம்பித்தார்கள். மெட்டு எங்களுக்குத் தெரிந்த மெட்டு. வார்த்தை வேறு. கேன்டீன் அக்கா ஒரு வரி கேட்டார், அவ்வளவுதான், தன் தமிழோடு அதற்குள் குதித்துவிட்டார். தகரக் கூரை அதிர்ந்தது. நான் அழுதுகொண்டே கை தட்டினேன், சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினேன். போனை எடுக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

நாற்காலிகள் நிரம்பின. பாயை விரித்தோம், பாயும் நிரம்பியது. செயலாளர் எழுந்து தன் நாற்காலியை ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். படியில் இன்னும் ஆள் இருந்தது. முன்பு ஒரு நாள் அவர் எதிரில் டீ கிளாஸை இரண்டு கையால் பிடித்துக்கொண்டு நின்ற பாஸ்டரம்மா, பீடத்தில் இருந்து இறங்கி விறுவிறுவென்று வாசலுக்கு வந்தார்.

"ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இன்னும் பிள்ளைங்க உள்ள வரணும்."

செயலாளர் சுவரோடு ஒட்டி நின்றார்.